'இது லீகல்தாம்மா' என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. சேலத்தில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன வாரம் அவன் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே பளபளவென்று ஒரு சின்ன பாக்கெட், ஊதுபத்திக்கு வைப்பது போல ஒரு பெயர். பிரித்தால் காய்ந்த இலைத் தூள். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாசனை அடித்தது. கேட்டதற்கு, "ஆன்லைன்ல வாங்கினதும்மா. ஏற்காட்ல காட்டேஜ் எடுத்தப்ப ஃபிரெண்ட்ஸோட ரெண்டு தடவை இழுத்தேன். கஞ்சா இல்ல, இது லீகல்தாம்மா" என்கிறான். பீடிகூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. இதையெல்லாம் ஏன் வாங்குகிறார்கள்? அவன் அப்பா கோபக்காரர். அவரிடம் சொல்வதா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: சகோதரி, அந்தப் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்தைப் படிப்பது தொற்றிக்கொண்ட வியாதி. சாதாரணத் தலைவலி மாத்திரை அட்டையில்கூட மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, தயாரித்தவரின் லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும். இந்த வகைப் பாக்கெட்டுகளில் வழக்கமாக இருப்பது ஒரே வரி: 'மனிதர் உட்கொள்வதற்கு அல்ல.' அதுதான் விற்கிறவன் வைத்துக்கொண்ட வக்கீல். நாளை யாருக்காவது ஏதாவது ஆனால், "வாசனைக்குத்தானே விற்றேன், உன்னை யார் இழுக்கச் சொன்னது?" என்று கைகழுவிவிடலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், 'ஸ்பைஸ்' என்றும் 'கே2' என்றும் வெளிநாடுகளில் விற்கப்பட்ட சரக்கின் ஜாதி இது. ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இலை வெறும் இலைதான். ரசாயனத்தை அசிட்டோனில் கரைத்து இலைமேல் தெளித்துக் காயவைக்கிறார்கள். நீங்கள் மோந்த வாசனை அதுவாக இருக்கலாம். தெளிப்பு எங்கும் ஒரே சீராக விழாது. ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, பக்கத்துச் சிட்டிகையில் மொத்தமும் சேர்ந்திருக்கும். ஒரே பாக்கெட்டைப் பகிர்ந்த நாலு பேரில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருக்க ஒருவன் மட்டும் வலிப்பு வந்து விழுவது அதனால்தான்.

கஞ்சா நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'அது மாதிரிதான் இதுவும்' என்பது பொய். கஞ்சாவில் போதை தரும் ரசாயனமான டிஎச்சி, மூளையில் போதைக்கான திருகைப் பாதிதான் திருப்பும். இவற்றில் பல அதை முழுக்கத் திருப்பிவிடும், ரெகுலேட்டர் இல்லாத ஃபேன் மாதிரி. நெஞ்சு படபடப்பு, ஓயாத வாந்தி, வெறி, வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இப்படிப்பட்ட சரக்கில் எலி மருந்து கலந்திருந்து, 150 பேருக்கு மேல் ரத்தம் உறையாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் இறந்தே போனார்கள்.

இந்த ரசாயனங்களில் பேர்போன ஒன்று ஜேடபிள்யூஎச்-018. ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த ஜேடபிள்யூஎச். மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய அவர் செய்தது அது. 2008 கடைசியில் ஐரோப்பாவில் ஸ்பைஸ் பாக்கெட்டைச் சோதித்தபோது உள்ளே இருந்தது அதுவே. யாரோ ஆய்வுக் கட்டுரையைப் படித்துச் சரக்காக்கிவிட்டார்கள்.

சரி, ஏன் வாங்குகிறார்கள்? மலிவு, ஆர்வம், சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்காது என்ற நினைப்பு, இதெல்லாம் உண்டு. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் விடை அவன் வாயிலேயே இருக்கிறது. 'லீகல்' என்ற அந்த வார்த்தையைத்தான் அவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். ஜங்ஷனில் ரயில் பெட்டியில் கஞ்சா பிடிபட்ட செய்தியை நாம் படிக்கிற பேப்பரிலேயே அவனும் படிக்கிறான். கேஸ் என்றால் பயம், அப்பா என்றால் பயம், கேம்பஸ் இன்டர்வியூ போய்விடுமோ என்று பயம். நல்ல பையன் என்ற பெயரும் கெடக்கூடாது, நண்பர்கள் செய்வதில் தானும் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொரியரில் அனுப்புகிறேன் என்கிறான் ஒருவன். போக்கிரிப் பையன் இந்தச் சரக்கைத் தேட மாட்டான் என்று சொல்லவில்லை. பயந்த பையனும் தேடுவான் என்கிறேன்.

இன்னொன்று. என் கடைக்கு இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு பையன் வருவான், இருமல் இல்லாமலே இருமல் சிரப் கேட்டு. "யாருக்குப்பா? டாக்டர் சீட்டு இருக்கா?" என்றால் காது சிவந்துவிடும், போய்விடுவான். நான் அவனைத் திருத்திவிட்டேன் என்றில்லை, அடுத்த கடைக்குப் போயிருப்பான். ஆனாலும் நடுவில் ஒரு மனுஷன் நின்று கேட்டான் அல்லவா? ஆன்லைனில் பின்கோடு மட்டும்தான் கேட்கிறார்கள்.

லீகல் என்பதும் பெரும்பாலும் கதைதான். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூற்றில் ஒரு மூலையை மாற்றி வேறொன்றைச் செய்கிறார்கள். ஐ.நா. பதிவு செய்த இத்தகைய புதுப் போதைப்பொருட்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. துரத்திக் களைத்த இங்கிலாந்து 2016-இல் மொத்தமாகவே தடைச் சட்டம் கொண்டுவந்தது. 'செடி உரம்' என்று அங்கே விற்ற மெஃபட்ரோன் என்ற போதை ரசாயனம் 2015-இல் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பாக்கெட்டுக்குள் எந்த ரசாயனம் என்றே தெரியாதவன் அது லீகல் என்று எப்படிச் சொல்வான்? இந்தக் கேள்வியை அவனிடமே கேளுங்கள். சண்டையாக அல்ல, சோறு போடும்போது. அப்புறம், தூக்கம் வருகிறதா, அரியர் எத்தனை, ராத்திரி யாரோடு பேசுகிறான் என்பதையும்.

இனி செய்ய வேண்டியது. பாக்கெட்டின் இரண்டு பக்கமும் செல்லில் போட்டோ எடுத்து வையுங்கள். மறுபடி மோந்து பார்க்க வேண்டாம். இழுத்த பிறகு வலிப்பு, நெஞ்சுவலி, ஆளை அடையாளம் தெரியாத பேச்சு என்றால் யோசிக்காமல் 108. என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, தெரிந்தால்தான் அவர்களால் கவனிக்க முடியும். எனக்கு அதைவிடக் கவலை, இழுத்துவிட்டு ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்குவது. இருபது கொண்டை ஊசி வளைவு, தெளிந்த தலைக்கே அடிவாரம் வந்த பிறகுதான் மூச்சு வரும். இந்த ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தடவை என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், ஆனாலும் ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது நல்லது. மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் காசில்லாமல் பேசலாம். வழக்கு பயம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கே அல்ல. மகனும் நீங்களும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், அவர் காபி குடித்து முடித்த பிறகு, அவனையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.