கடலில்லாத பெங்களூருவில் கடலுயிரின் கடிகாரம் படிக்கலாமா?

அல்சூரிலிருந்து எழுதிய தந்தைக்கு,

ஐயா, வணக்கம். இரண்டாம் பியூசியில் (பன்னிரண்டாம் வகுப்பில்) பி.சி.எம்.பி., அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் படிக்கும் மகள், கடலில் ஒளிரும் நுண்ணுயிர்களின் உயிரியல் கடிகாரத்தைத்தான் ஆராயப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் படகு, அலை, தனியாக எங்கோ ஒரு கடற்கரை ஊர் என்று நீங்கள் அடுக்கியிருக்கும் அச்சங்களுக்கு அவசியமில்லை. இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடப்பது கண்ணாடிக் குடுவையில்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் நீலமாக மின்னிய அலைகளின் படத்தை அவள் உங்களிடம் காட்டியிருப்பாள். அது நாக்டிலூக்கா என்ற ஒளிரும் நுண்ணுயிர். கடிகார ஆராய்ச்சியில் பெயர் பெற்றது வேறொன்று: லிங்குலோடினியம் என்ற ஒற்றைச் செல் உயிர். குடுவையில் பார்த்தால் பழுப்பு நிறக் கலங்கல் நீர், அவ்வளவுதான். பகலில் குலுக்கினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரவில் குலுக்கினால் நீலம் பளிச்சிடும். விளக்கை அணைத்து ஏற்றாமல், ஒரே அளவு மங்கலான வெளிச்சத்தில் நாள்கணக்கில் வைத்தாலும், கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஒளி ஏறி இறங்குகிறது. வெளியே பகலா இரவா என்று தெரியாத செல், தானாக நேரம் பார்க்கிறது. 1950களில் பீட்ரிஸ் ஸ்வீனியும் வுடி ஹேஸ்டிங்ஸும் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கடிகாரத்தின் வேகம் அதிகம் மாறுவதில்லை என்று 1957இல் காட்டினார்கள்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. ஒளிக்கு வேண்டிய புரதங்களை இந்தச் செல் மாலையில் புதிதாகச் செய்து, விடியலில் அழித்துவிடுகிறது; தள்ளுவண்டிக் கடையைப் போட்டுப் பிரிப்பது போல, தினமும். உங்கள் மகளை இழுத்திருப்பது இதுதான் என்றால், அவளுடைய ஆர்வம் கடலில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அவளிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படிப்பே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

கடல்தான் வேண்டும் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது. கடிகாரம் வேண்டும் என்றால் வெளியூரே போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் குகை வௌவால்களின் நாள்சுழற்சியை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன், பிற்பாடு வந்து சேர்ந்தது உங்கள் ஊர் ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்துக்குத்தான். அங்கே பழ ஈக்களை வைத்து இந்தத் துறை வளர்ந்தது. 2017 மருத்துவ நோபல் பரிசும் பழ ஈயின் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கே கிடைத்தது. இளங்கலையில் ஈயைப் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குக் கடலுயிருக்குப் போவதில் எந்தத் தடையும் இல்லை.

இப்போதைக்கு அவள் எழுத வேண்டியது ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு. இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டுப் படிப்புக்கும் முயலட்டும். நீட் எழுதட்டும், தப்பில்லை. ஆனால் அதற்காக மட்டும் பயிற்சி மையத்தில் ஒரு வருடத்தை வீணாக்க நான் சம்மதிக்க மாட்டேன். கணிதத்தையும் கணினி நிரல் எழுதுவதையும் விடக்கூடாது. லிங்குலோடினியம் வகை உயிர்களில் பலவற்றின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைவிடப் பெரியது. கணினி தெரியாமல் அதில் கை வைக்க முடியாது. அந்தத் திறமை பின்னால் இவ்வூர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் விலைபோகும்.

பணம் பற்றி மழுப்ப மாட்டேன். மென்பொருள் வேலைக்குப் போன உங்கள் அண்ணன் மகனின் சம்பளம் இவளுக்கு அந்த வயதில் வராது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும்; இது 2023இல் உயர்த்தப்பட்ட தொகை. முனைவர் பட்டம் முடிய முப்பது வயதை நெருங்கிவிடும், நிரந்தரப் பணியிடங்களும் குறைவு. நடுவில் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை அவசரப்படுத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவள் திட்டத்தை அதற்கேற்ப யோசிக்கட்டும்.

அடுத்த சந்திப்புக்கு அவளை மட்டும் அனுப்புங்கள். முதல் பியூசி மதிப்பெண் பட்டியலும், கணிதத்தில் அவளுக்குப் பிடிக்காத பாடங்களின் பெயரும் போதும்.