ஜன்னல் பெரிதுதான், காற்று எங்கே?

கேள்வி (தாம்பரம்): படுக்கையறையில் கிழக்குப் பார்த்து ஆறடி ஜன்னல் வைத்தோம். பிற்பகலில் வெளியே கடற்காற்று நன்றாக வீசுகிறது. அறைக்குள் வருவதே இல்லை. ஏன்?

அறைக்கதவைச் சாத்தியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இருந்தால்தான் புதுக்காற்று நுழையும். ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். கதவு சாத்தியிருந்தால் புகை நேரே மேலெழும்பி அங்கேயே சுற்றும். கதவையும் கூடத்தின் மேற்கு ஜன்னலையும் திறந்துவிடுங்கள். அதே புகை படுத்தவாக்கில் கதவை நோக்கி இழுபடும். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என் பையில் ஊதுவத்தி இருக்கும். படம் வரைந்து விளக்குவதைவிட அது சுலபம்.

இரவில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியாதுதான். கதவுக்கு மேலே ஒன்றரை அடி உயரமுள்ள வென்டிலேட்டர் வையுங்கள். அப்புறம், உங்களுடையது ஸ்லைடிங் ஜன்னல் என்றால் ஆறடியில் திறப்பது மூன்றடிதான். கீல் வைத்த ஜன்னல் முழுசாகத் திறக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அளந்து பாருங்கள்.

கேள்வி (சென்னை): சமையலறையை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டுமா?

நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் சென்னையில் கோடைக்காலக் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்துதான் வரும். அந்த மூலையில் அடுப்பு இருந்தால் தாளிக்கிற நெடி வீடு முழுக்கப் போய்த்தான் வெளியேறும். என்னைக் கேட்டால் அந்த மூலை படுக்கையறைக்குத்தான். மாற்ற முடியாதென்றால் சமையலறைக் கதவைச் சாத்தி, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

கோவையில் கணக்கு வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அங்கே மேற்குச் சுவரை மூடிவிடாதீர்கள். வெயிலுக்கு ஆழமான சன்ஷேட் போட்டு ஜன்னல் வையுங்கள். காற்று நேராக மோத வேண்டும் என்பதில்லை, 45 டிகிரி சாய்வாக வந்தாலும் போதும்.

கேள்வி (மதுரை): மேல்மாடியில் இருக்கிறோம். எல்லா ஜன்னலும் திறந்திருந்தும் இரவில் அனல்.

பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைக் கக்குகிறது. கூரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள், அல்லது வெள்ளை ஓடு பதியுங்கள். மாடிப்படி மேலே முடியும் அறையில் உயரமாக ஜன்னல் இருந்தால் இரவில் திறந்துவையுங்கள். சூடான காற்று அந்த வழியாக ஏறிப் போகும், கீழ் ஜன்னல்களில் குளிர்ந்த காற்று வரும். மே மாத நண்பகலில் மட்டும் எல்லாவற்றையும் சாத்துங்கள்.

கேள்வி (கடலூர்): கொசுவலை காற்றைத் தடுக்குமா?

தடுக்கும். அதற்காக வலையை எடுக்க வேண்டாம். பால்கனி இருந்தால் ஜன்னலில் அடிப்பதற்குப் பதில் பால்கனி கிரில் முழுக்க அடியுங்கள். பரப்பு கூடுவதால் இழப்பு குறையும். மாதம் ஒருமுறை கழுவுங்கள், வலைக்கண்களில் தூசி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.