பென் டிரைவில் லேப்டாப் ஏறுகிறது, சி டிரைவ் மட்டும் திறக்கவில்லையே?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வந்த பிறகு லேப்டாப்பில் விண்டோஸ் ஏறவில்லை. சேலத்தில் ஒரு கடையில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இன்னொரு சிஸ்டம்) பென் டிரைவ் போட்டுப் பார்த்தார்கள். சி டிரைவ் பாஸ்வேர்டு கேட்கிறது. நான் எதுவும் வைக்கவே இல்லை. 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்கிறார்கள். மூன்று வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது.

பதில்: ஃபார்மேட்டுக்கு மட்டும் இப்போது தலையாட்டாதீர்கள்.

பூட்டு போட்டது நீங்கள் அல்ல, விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து லேப்டாப்பைத் தொடங்கும்போதே பல மாடல்களில் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி தானாக டிரைவைப் பூட்டிவிடும். சாவி டிபிஎம் என்ற சிப்பின் காவலில் இருக்கும். உங்கள் தோட்டத்து வாட்ச்மேன் மாதிரிதான்: பழகிய ஜீப் வந்தால் கேட்டைத் திறப்பார், புது வண்டியில் முதலாளியே வந்தாலும் நிறுத்திக் கேட்பார். பென் டிரைவ் அந்தப் புது வண்டி. விண்டோஸ் கெட்டதைச் சுற்றிப்போக அது உதவும், பூட்டை உடைக்காது.

அது கேட்பது தினமும் போடும் பின் நம்பரும் அல்ல. 48 இலக்க ரெக்கவரி கீ: ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். செல்போனிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் கீயைத் தேடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். லேப்டாப் வாங்கிய அன்று யாருடைய மெயிலைப் போட்டுத் தொடங்கினார்கள்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவருக்கு இரண்டு நாள் தேடிய பிறகு மச்சான் மெயிலில் கிடைத்தது. ஒன்றுக்கு மேல் கீ இருந்தால், லேப்டாப்பின் பிட்லாக்கர் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிடுங்கள்.

தாளில் எழுதி எடுத்துப்போனால் ஒரு சோதனை செய்யலாம். ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 135795 சரி, 135796 என்றால் எங்கோ கை தவறியிருக்கிறது. 8 அல்லது 9-இல் தொடங்கும் தொகுதி வரவே வராது.

கீ கிடைத்ததும் அதே உபுண்டுவில் சி டிரைவைக் கிளிக் செய்து, நடுவிலுள்ள கோடுகளோடு அப்படியே அடியுங்கள். திறந்ததும் கணக்கு ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். ரிப்பேரெல்லாம் அப்புறம். மின்னல் பாதித்த எஸ்எஸ்டி (லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சேமிப்பு டிஸ்க்) என்றால், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டும்போதே படுத்துவிடலாம். உபுண்டு முரண்டு பிடித்தால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் ஏறி, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி வரும் கறுப்புத் திரையில் மேனேஜ்-பிடிஇ (manage-bde) கட்டளையால் திறக்கலாம். அங்கே சி என்பது டி ஆகக்கூட இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கீ கைக்கு வரும்வரை பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரை) டிபிஎம்மை அழிக்கவோ மதர்போர்டை மாற்றவோ விடாதீர்கள். சிப்போடு அந்தச் சாவியும் போய்விடும். கீ இல்லாமலேயே உடைத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கீ கிடைக்கவே இல்லையா? அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப்புக்குப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பழைய மெயில் ஐடி யாருக்காவது ஒருநாள் ஞாபகம் வரும், அப்போது எடுத்துத் திறக்கலாம்.