உப்புக்காற்று தின்ற பிரேக் பைப்

கேள்வி: அப்பா 2001-இல் வாங்கிய மாருதி 800 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. வீடு உப்பளத்துக்குப் பக்கம். போன வாரம் பின் சக்கரத்துப் பக்கம் தரையில் ஈரம். படுத்துப் பார்த்தால் பிரேக் பைப்பில் துரு பொருக்குத் தட்டி, கிளிப் அடியில் கசிகிறது. ஏ.சி. மெக்கானிக்கான என் மாமா, ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாய் தருகிறேன், இரண்டு மணி நேர வேலை என்கிறார். பிளக், ஆயில், பிரேக் ஷூ எல்லாம் நானே மாற்றுவேன். இதையும் வீட்டில் செய்யலாமா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, முதலில் வண்டியின் சாவியை எடுத்து அம்மாவிடம் கொடுங்கள். பக்கத்துக் கடை வரைக்கும்கூட எடுக்க வேண்டாம். கசியும் பைப் இன்றைக்குச் சொட்டும், நாளைக்கு ஒரு மாடு குறுக்கே வந்து நீங்கள் ஏறி மிதிக்கும்போது பிளக்கும். லாரி டயருக்குள் இருப்பது சுமார் 100 பவுண்டு காற்று. நீங்கள் பலமாக மிதித்தால் அந்தச் சின்னப் பைப்புக்குள் ஆயிரம் பவுண்டையும் தாண்டும்.

மாமா தங்கமான மனிதராக இருக்கலாம், ஆனால் அவருடைய குழாய் இதற்கு ஆகாது. வெறும் செம்பு அதிர்வில் நாளாக ஆக இறுகி, ஒருநாள் மயிரிழையாக விரிசல் விடும். தவிர, ஏ.சி. வேலையில் குழாய் முனையை ஒரே மடிப்பாக விரிப்பார்கள். பிரேக் பைப்பில் முனையை உள்பக்கமாக மடித்து இரட்டைச் சுவராக விரிக்க வேண்டும். டபுள் ஃபிளேர் என்பது அதுதான். துண்டு வெட்டி நடுவில் ஃபெர்ரூல் என்கிற இறுக்கும் வளையம் போட்டு இணைப்பது, டெஃப்லான் டேப் சுற்றுவது, பற்றவைப்பது எதுவும் பிரேக்கில் கிடையாது. அதெல்லாம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வைத்தியம்.

சரி, எந்தப் பைப் போடுவது? உதிரிபாகக் கடையில் மாருதி 800-க்கு நட் போட்டு முனை விரித்த ரெடிமேட் ஸ்டீல் பைப் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. உப்பளத்துப் பக்கத்தில் இருப்பதால், 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும் கலந்த காப்பர்-நிக்கல் பைப் கிடைத்தால் இன்னும் நல்லது. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் ஸ்வீடனில் வோல்வோ 1976-லிருந்தே இதைப் போட்டது. துரு பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். ஆனால் முனையை நீங்களேதான் விரிக்க வேண்டும். வாடகைக்கோ இரவலுக்கோ டபுள் ஃபிளேர் டூல் வாங்கி, வீணாகப் போகிற துண்டில் பத்து முனையாவது விரித்துப் பழகுங்கள். பத்தாவதும் ஒருபக்கம் சாய்ந்தே வந்தால் லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: முனையை விரிப்பதற்கு முன் நட்டைப் பைப்பில் கோத்துவிடுங்கள். அழகாக விரித்து முடித்த பிறகு பெஞ்சின் மேல் நட் தனியாகக் கிடப்பதைப் பார்த்த அனுபவம் எனக்கு ஒருமுறை அல்ல, நான்கைந்து முறை உண்டு.

பழைய நட்டுகளில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். வாயில் பிளவு உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் சரி. அதுவும் வழுக்கினால் பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுபட்டை சாக்கெட் போட்டுத் திருகுங்கள். போகப்போவது பழைய பைப்தானே. ஆனால் ரப்பர் ஹோஸ் பக்கம் முறுக்காதீர்கள். ஹோஸில் வெடிப்பு தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பைப்பை முழுசாகக் கழற்றி, அதை வைத்தே புதியதை வளையுங்கள். கிளிப்புகளை விட்ட இடத்திலேயே மாட்டுங்கள், சேறு தங்கி துரு ஆரம்பிப்பது அங்கேதான் என்பதால் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம். ஸ்டாண்ட் போடுங்கள்.

அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள், பிரேக் ஆயில் டப்பா காலியாக விடாதீர்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், இதைப் பலர் சொல்லமாட்டார்கள். வழக்கமாகப் பெடல் பாதிதான் இறங்கும், அதற்கு அப்பால் சிலிண்டருக்குள் வருஷக்கணக்கில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரை வரைக்கும் மிதித்தால் ரப்பர் சீல் அதில் போய் உரசிக் கிழியும். ஒரு பழைய அம்பாசடருக்கு நானே பைப் மாற்றி, நானே அப்படி மிதித்து, மறுநாள் காலை ஓனர் கண்முன்னே மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் செட்டையும் என் காசில் மாற்றினேன்.

எல்லாம் முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடிக்க, நீங்கள் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். ஈரமே இருக்கக்கூடாது. பெடல் இறங்கினாலோ மெத்துமெத்தென்று இருந்தாலோ ரோட்டுக்கு எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டாட் 3, டாட் 4, டாட் 5 என்று பிரேக் ஆயில் விற்கிறார்கள். எண் கூடினால் தரம் கூடும்தானே? – ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: 3-இலிருந்து 4-க்குப் போனால் கொதிநிலை கூடும், சரி. 5 வேறு சாதி, சிலிக்கான். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. உங்கள் வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே எது என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். திறந்து பல மாதமான பாட்டிலை உபயோகிக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.