அமெச்சூர் யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன். பதினோரு வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். இந்த முறை ஒரு போட்டியின் அமெச்சூர் பிரிவுக்கு, அதாவது படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்யாதவர்களின் பிரிவுக்கு, மூன்று படங்கள் அனுப்பினேன். மீன்கொத்தி மீனோடு எழும் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு பெற்றவர் யார் என்று தேடினால், வார இறுதிகளில் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவர்! அமைப்பாளர்களிடம் கேட்டேன். அவருடைய வருமானத்தில் பாதிக்கு மேல் படங்களால் வரவில்லை, எனவே விதிப்படி அவர் அமெச்சூர்தான் என்று பதில் வந்தது. தொழில் செய்பவர்களோடு எங்களை மோதவிடுவது நியாயமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் இரண்டாம் பரிசுக்கு வாழ்த்துகள். அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கோபம் தவறான ஆள் மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். கல்யாண மண்டபத்தில் பத்து மணி நேரம் ஃபிளாஷ் அடிப்பவருக்கு மீன்கொத்தி எந்தக் கிளைக்குத் திரும்பி வரும் என்று எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் நீங்கள். அவருக்குத் தொழில் கொடுத்தது கைவேகம். அது சின்ன விஷயம் இல்லைதான், ஆனாலும் பதினோரு வருடத்தில் அது உங்களுக்கும் வந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய போட்டிக்கு நடுவராக இருந்தேன். அங்கும் இரண்டு பிரிவு. தொழில்முறைப் பிரிவில் ஒருவர் ஸ்டூடியோக்காரர். நாள் முழுக்க "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான் வேலை. கையில் ஒரு பழைய கேமரா, அதோடு வந்த லென்ஸ். கடையை மூடிய பிறகு மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் அவர் தனக்காக எதையாவது எடுக்க முடியும். அமெச்சூர் பிரிவில் ஒரு மருத்துவர். தூரத்துப் பறவையையும் அருகில் காட்டும் 600 மிமீ லென்ஸ், வருடத்தில் இரண்டு மூன்று காட்டுப் பயணம், கூடவே வழிகாட்டி, போய் உட்கார ஏற்கெனவே கட்டிவைத்த மறைவிடம். விதிப்படி இருவரும் சரியான பிரிவில்தான் இருந்தார்கள். மருத்துவர் பரிசு வாங்கினார், படமும் நல்ல படம்தான். ஸ்டூடியோக்காரர் முதல் சுற்றோடு வெளியே போனார். பெயர்களை மறைத்திருந்ததால் யார் யார் என்பது முடிவுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மார்க் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் பெரிதாக நியாயம் பேச வரவில்லை.

வருமானத்தை வைத்துக் கோடு கிழித்தால் இப்படித்தான் ஆகும். படத்தால் எவ்வளவு வருகிறது என்று கேட்கிறோம், படத்துக்காக எவ்வளவு செலவழிக்க முடிகிறது என்று கேட்பதில்லை. விளையாட்டில் இந்தக் கூத்து முன்பே நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கு மட்டும்தான் இடம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் சில்லறைக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று அடுத்த ஆண்டே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். சம்பளம் வாங்காமல் விளையாடும் வசதி இருந்தவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. தோர்ப்தான் அந்த இரண்டு போட்டிகளிலும் தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022இல்.

இன்னொரு பக்கம், அமெரிக்கத் தெருக்களைப் படம் எடுத்த விவியன் மையர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகவே பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். விட்டுப்போன நெகடிவ்கள் லட்சத்துக்கும் மேல். அவரோடு மோதுவது நியாயமா என்று தொழில்முறைக்காரர்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் பிரிவே வேண்டாமா என்பீர்கள். ஆளைப் பிரிப்பதைவிட வேலையைப் பிரிப்பது மேல் என்பது என் கட்சி. சோனி உலகப் புகைப்பட விருதில் ஓப்பன் போட்டிக்கு ஒரே ஒரு படம் போதும், புரொஃபஷனல் போட்டிக்கு ஐந்து முதல் பத்துப் படங்கள் கொண்ட தொடர் வேண்டும். ஒரு படம் யாருக்கும் அமைந்துவிடலாம். ஒரே விஷயத்தில் பத்துப் படம் தேற்றுவதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், அங்கே தொழில்முறைக்காரரின் பலம் தானாகத் தெரிந்துவிடும்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் சிறுவர்களுக்குத்தான் தனிப் பிரிவு. பெரியவர்களில் தொழில்முறை, அமெச்சூர் எல்லோருக்கும் ஒரே வரிசை, நடுவர்களுக்குப் பெயர் தெரியாது. அங்கே நியாயம் கெட்டது வேறு இடத்தில். 2009இல் முதல் பரிசு பெற்ற படம், வேலியைத் தாண்டும் ஓநாய். அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து சில மாதங்களில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் பரிசு பெற்ற ஒரு படத்தில் இருந்த எறும்புதின்னி, செத்த விலங்கைப் பாடம்செய்து வைத்த உருவம்தான் என்று மறு வருடம் முடிவுசெய்து அந்தப் பரிசையும் திரும்பப் பெற்றார்கள். உங்களைப் போலத் தண்ணீரோரம் காத்துக் கிடப்பவரை உண்மையிலேயே ஏமாற்றுவது இந்த மாதிரி வேலைதான். அமைப்பாளர்களுக்கு மறுபடி எழுதினால் இதைக் கேளுங்கள்: ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு, வாங்கிப் பார்த்தீர்களா? இரை போட்டு வரவழைத்த பறவையா, தானாக வந்த பறவையா என்று விண்ணப்பத்தில் கேட்கிறீர்களா?

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். நேரம். 2020இல் அதே போட்டியில் வென்ற சைபீரியப் புலிப் படத்துக்காக செர்கே கோர்ஷ்கோவ் தானியங்கிக் கேமராவைக் காட்டில் வைத்துப் பதினோரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார். ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டியவருக்கு அந்தக் காத்திருப்பு வாய்க்காது. இதற்கு எந்தப் பிரிவு வைத்தாலும் தீர்வு வருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், விதிகளின் கடைசியில் பொடி எழுத்தில் வருமே, அதைப் படித்தீர்களா? பரிசு பெறாத படங்களையும் கட்டணமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று சில போட்டிகள் எழுதி வைத்திருக்கும். தொழில் செய்பவர் அதைப் பார்த்ததும் படம் அனுப்புவதில்லை. நாம்தான் படிக்காமலே டிக் அடித்துவிடுகிறோம். உங்கள் போட்டியிலும் அப்படி இருந்தால் பரிசு கிடைக்காத மற்ற இரண்டு படங்களுக்காகவும் சண்டை போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மீன்கொத்திப் படத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.