வெங்காய வேர் நுனியில் குரோமோசோம் தெளிவாகத் தெரிய என்ன செய்வது?

வெங்காய வேரை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஊற வைத்து ஸ்லைடு போட்டால் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சாயத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. செல்கள் பிரியவில்லை, அதுதான் சிக்கல். தாவரச் செல்களை பெக்டின் என்ற பசைப்பொருள் ஒட்டிப் பிடித்திருக்கும். அதை இளக்காமல் எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் அடுக்கடுக்காகவே கிடக்கும்.

பழைய வேரை விட்டுவிடுங்கள். தண்ணீரில் புதிதாக விட்ட, 1 முதல் 2 செ.மீ. நீள வேர்தான் வேண்டும். சின்ன வெங்காயமும் போதும், அதிலும் 16 குரோமோசோம்தான். காலையில் வெட்டி, 3 பங்கு ஆல்கஹாலும் 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் அன்றன்று கலந்த கரைசலில் ஒரு நாள் போடுங்கள். பிறகு 60 டிகிரி சூட்டில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். பெக்டினை இளக்குவது இந்த அமிலம்தான், நிறையப் பேர் விட்டுவிடுவதும் இந்தப் படியைத்தான். அதன்பின் கழுவிச் சாயமேற்றுங்கள்.

சாயம் ஏறியதும் வேரை உற்றுப் பாருங்கள். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். செல் பிரிவது அங்கேதான். மேலே வெளிறியிருப்பதை வெட்டி எறிந்துவிடுங்கள், இரக்கமே வேண்டாம். கவர் ஸ்லிப் போட்டு, ஊசியின் பின்முனையால் மெல்லத் தட்டினால் திசு மேகம் போலக் கலைந்து பரவும். பிறகு வடிதாளை மடித்து வைத்து, கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் நகர்ந்தால் செல்கள் உருண்டு வீணாகிவிடும்.

குரோமோசோம்களை எண்ண வேண்டுமென்றால், ஆல்கஹால் கலந்த கரைசலில் போடுவதற்கு முன்பே வேரை 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுவினோலினில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகள் உருவாகாததால் குரோமோசோம்கள் குட்டையாகி விலகி நிற்கும். இந்த முறையை 1950-இல் எழுதிய செல் ஆய்வாளர்கள் ஜியோவும் லெவானும்தான் 1956-இல் மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று நிறுவினார்கள். தாவர வேரில் பழகிய கைகள்! எனக்கு இது இன்றும் பெருமையாக இருக்கும்.

முதலில் 10X-இல் ஸ்லைடு முழுக்கத் தேடுங்கள். பெரும்பாலான செல்கள் பிரியாமல் இடைநிலையில்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். பிரியும் செல் கிடைத்ததும் 40X-க்கு மாறுங்கள். அப்போதும் கும்பலாகவே இருந்தால் அடுத்த வேரை அமிலத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். கூழாகிப் போனால் அந்த நேரத்தைக் குறையுங்கள்.