பேச்சு, மொழிக் குறைபாடுகள்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன? (கேள்வி பதில்)

மொழிக் குறைபாடு பற்றிய ஆய்வுகளில் பேச்சைப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுத்தில் இறக்குவது பல வருடமாக என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம். மூன்று வயது மகன் சரியாகப் பேசவில்லை. ஒரு மொழியை நிறுத்திவிடலாமா மேடம்?

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலுமே தெரியும். ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணிவிட்டுக் கவலைப்படாதீர்கள், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். மூன்று வயதிலும் சொற்களைக் கோத்துப் பேசவில்லை என்றால், முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர். தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

குழந்தை இலக்கணத்தைப் புரிந்து பேசுகிறதா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் அக்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். இல்லாத சொல் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஒரு படமும் வரைந்து, 'இது ஒரு வக். இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...?' என்று கேட்டு நிறுத்தினார். குழந்தைகள் அதைப் பன்மையாக்கிச் சொன்னார்கள். அந்தச் சொல்லை முன்பு கேட்டிருக்கவே வழியில்லை. அப்படியென்றால் விதி உள்ளே இருக்கிறது.

தமிழிலும் செய்து பார்க்கலாம். வாயில் வந்த ஒரு சொல்லை, 'கிலம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். 'பூனை எங்கே உட்கார்ந்திருக்கிறது?' என்று கேளுங்கள். 'கிலத்துல' என்று பதில் வந்தால், மரம் 'மரத்துல' ஆவதைக் குழந்தை தனக்குள் விதியாக்கிக்கொண்டுவிட்டது. அந்த 'த்து'வை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒலிப்பதிவில் அப்படி ஒரு பதிலைக் கேட்டால் நிறுத்தி இன்னொரு முறை கேட்பேன்.

மகளுக்கு நான்கு வயது. திக்கிப் பேசுகிறாள். நான் அதட்டியதால் வந்ததா?

இல்லை அம்மா. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. மரபணுக்களுக்கும், பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் வளர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. நிறையக் குழந்தைகளுக்கு நின்றுவிடும். பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்குத்தான் நீடிக்கிறது.

பெற்றோர் மேல் பழி விழுந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற ஆய்வாளர், திக்கல் குழந்தையின் வாயில் தொடங்குவதில்லை, பெற்றோரின் காதில்தான் தொடங்குகிறது, அதாவது சாதாரணத் தடுமாற்றத்தை அவர்கள் குறை என்று சொல்வதால்தான் வருகிறது என்று நம்பினார். அவரும் திக்கிப் பேசியவர்தான். 1939இல் அவருடைய மேற்பார்வையில் ஒரு மாணவி, ஆதரவற்றோர் இல்லத்தில் இருந்த 22 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடம், 'உன் பேச்சில் கோளாறு இருக்கிறது' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்களைத் திக்க வைக்க முடியவில்லை. ஆனால் வாயைத் திறக்கவே கூசும்படி ஆக்க முடிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்தான். எங்கள் துறைக்கு வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மகள் திக்கும்போது 'நிதானமாகச் சொல்லு' என்று குறுக்கிடாதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும். சில மாதங்களாக நீடிக்கிறது, அல்லது அவளே பேசத் தயங்குகிறாள் என்றால் பயிற்சியாளரிடம் போய்விடுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் தண்ணீர் கேட்க முடியவில்லை. ஆனால் பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சத்தியமாக நடிப்பில்லை. மூளை பாதிப்பால் மொழித் திறன் குலைவது இது, இதற்குப் பெயர் அஃபேசியா. என் ஒலிப்பதிவு ஒன்றில் ஒருவரிடம் கரண்டியைக் காட்டுகிறார்கள். அரை நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு 'அது... கிண்டுற...'. அதே மனிதர் அடுத்த நிமிடமே ஒன்று முதல் பத்து வரை தடங்கலில்லாமல் எண்ணுகிறார். எண்ணிக்கை, பாட்டு, வசவு போன்ற பழகிய தொடர்கள் தப்பிவிடுவதுண்டு. நினைத்ததற்குச் சொல் தேடுவதுதான் அடிபடுகிறது. 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் அசைதான் வந்தது. அவருக்கும் மற்றவர் பேசுவது பெருமளவு புரிந்தது.

அப்பாவிடம் 'என்ன வேண்டும்?' என்பதற்குப் பதில் 'தண்ணீரா, காபியா?' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். முதல் சில மாதங்களோடு முன்னேற்றம் முடிந்துவிடாது. பயிற்சியை விடாதீர்கள்.

பேச்சுப் பயிற்சி பற்றிய என் முதுகலை ஆய்வுக்கு மூன்று பேர்தான் கிடைத்தார்கள். போதுமா?

போதும், வடிவமைப்பு சரியாக இருந்தால். பயிற்சி தொடங்கும் முன்பே ஒவ்வொருவரையும் பல முறை அளந்துவிடுங்கள். ஒரே முறை அளந்தால், மாற்றம் உங்கள் பயிற்சியால் வந்ததா, அன்றைய நாளின் ஏற்ற இறக்கமா என்று தெரியாது. பதிவில் ஒரு பகுதியை உங்கள் எழுத்தைப் பார்க்காத இன்னொருவர் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பேசாத பிள்ளைக்குப் படப் பலகை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடாதா?

போகாது. 2006இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை. பலருக்குக் கொஞ்சம் கூடவே செய்தது. தைரியமாகக் கொடுங்கள். சாப்பாடு, பொம்மை படங்களோடு 'வேண்டாம்' என்ற படத்தையும் முதல் நாளே வையுங்கள். அதை அவன் தொட்டால், கையில் இருப்பதை அப்போதே கீழே வைத்துவிடுங்கள்.